கால் மணி நேரமும் ஒரு மேல்வரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுத்துகளைக் கையால் அழகுற எழுதும் எழுத்தணிக்கலை குறித்த கட்டுரைகளும் படங்களும் தமிழ் நாளிதழ்களின் ஞாயிறு இணைப்புகளில் அவ்வப்போது இடம்பெறுவது என்னைப் போன்றோருக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை இக்கலையின் அழகை விரித்துரைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் எவரும் பழகலாம் என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. காலையில் சமையல், பகலில் அலுவலகம், மாலையில் பிள்ளைகளின் பாடம், இரவில் மறுநாளுக்கான ஏற்பாடு என்று வாழும் ஒருவருக்கு அந்த ஓய்வு நேரம் எங்கே இருக்கிறது, இருப்பதாகவே கொண்டாலும் அதை எழுத்துக்கென்று எப்படிப் பிடித்து வைப்பது என்பதை எவரும் சொல்வதில்லை. அதைப் பற்றி மட்டும் சில கருத்துகளை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவும், தங்களிடம் ஒரு வேண்டுகோளை வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்துகொண்டு, புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணியாற்றுகிறேன். அங்கே நடந்த வார இறுதி வகுப்பு ஒன்றில்தான் தட்டையான முனை கொண்ட பட்டை நிப்பைப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். அவ்வகுப்பில் பள்ளி ஆசிரியை ஒருவர், செவிலியர் ஒருவர், நெய்வேலியில் ஷிப்டு முறையில் வேலை செய்பவர், மருந்துக்கடை வைத்திருப்பவர் எனப் பல தரப்பினர் இருந்தனர். ஆர்வத்தில் யாரும் யாருக்கும் குறைந்தவர் அல்லர். ஆனாலும் வகுப்பு முடிந்தபின் எழுதுவதை நிறுத்திவிட்டவர்களே மிகுதி. காரணம் கேட்டால், நேரமே அமையவில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதை நான் சாக்கு என்று கருதவில்லை. உண்மையிலேயே நேரம் அமையவில்லைதான். ஆனால் அந்த நேரம் எங்கே போகிறது என்று உற்றுப் பார்த்தால், எழுதுவதில் போவதைவிட எழுதத் தொடங்குவதற்கு முன்பே பெரும்பகுதி போய்விடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, ஒருவர் எழுத உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் மேசையின் மேல் கிடக்கும் பிள்ளைகளின் புத்தகங்களை ஒதுக்க வேண்டும். மை பரவாத தாளைத் தேடி எடுக்க வேண்டும். அளவுகோலும் பென்சிலும் கொண்டு கோடு போட வேண்டும். சென்ற முறை கழுவாமல் வைத்த நிப்பில் காய்ந்து ஒட்டியிருக்கும் மையை வெந்நீரில் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். இத்தனையும் முடிந்தபின், இன்று எதை எழுதுவது என்ற கேள்வி வரும்; மாதிரி எழுத்தைத் தேடிக் கைபேசியைத் திறந்தால், அதன்பின் நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் கோடு விழுவதற்குள் அரை மணி நேரம் கழிந்து, கண் சொருகத் தொடங்கிவிடும். இப்படி இரண்டு மூன்று இரவுகள் கழிந்தால், இது நமக்கான கலை அன்று, வசதியுள்ளவர்களுக்கானது என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மனஉறுதி குறைந்தவர்கள் என்று இவர்களைக் குறைசொல்வது எனக்கு உடன்பாடன்று. மேசையும் தாளும் மாதிரியும் ஆயத்தமாக இருந்திருந்தால் அதே இரவில் அவர்கள் ஒரு பக்கம் எழுதி முடித்திருப்பார்கள்.

நாள்தோறும் ஒரு மணி நேரமாவது எழுதாவிட்டால் பயனில்லை என்று சிலர் அச்சுறுத்துவதும் சரியன்று. பட்டை நிப்பின் தன்மையை அறிந்தவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அதன் முனை கூராக இராமல் தட்டையாக வெட்டப்பட்டிருக்கும். எழுதும் கோட்டுக்கு அதை எந்தச் சாய்வில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே கோடு தடித்தும் மெலிந்தும் விழும். 30 பாகைச் சாய்வில் வைத்தால் நெடுங்கோடு தடித்தும் கிடைக்கோடு மெலிந்தும் வரும். 45 பாகையில் வைத்தால் இரண்டும் ஒரே தடிப்பில் வரும். ஓர் எழுத்தைத் தொடங்கி முடிக்கும்வரை அந்தச் சாய்வு மாறாமல் காப்பதே பயிற்சியின் முதல் பாடம். இரண்டாவது பாடம் இன்னும் கடினமானது. பால்பாயிண்ட் பேனாவில் ‘ப’ எழுதும்போது இடப்பக்கம் இறங்கி, அடியில் வலமாகச் சென்று, வலப்பக்கம் மேலேறிக் கையை எடுக்காமல் முடித்துவிடுகிறோம். பட்டை நிப்பை அவ்வாறு மேல்நோக்கித் தள்ளினால் அது தாளில் குத்தி மையைத் தெறிக்கும். ஆகவே வலப்பக்கக் கோட்டை மேலிருந்து கீழாகத் தனியே இழுத்து அடிக்கோட்டோடு சேர்க்க வேண்டும். சிறு வயது முதல் ஒரே இழுப்பில் எழுதிப் பழகிய கைக்கு, ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு மூன்று இழுப்புகளாகப் பிரித்துக் கட்டுவது முற்றிலும் புதிய வேலை. இதற்கு வேண்டிய கவனம், பகலெல்லாம் உழைத்த உடலில் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நிற்பதில்லை. அதற்குப் பிறகு எழுதும் பக்கங்களில் நிப்பின் சாய்வு நழுவும், கை பழைய வேகத்துக்குத் திரும்பும். அப்போது நாம் பழகுவது அந்தப் பிழைகளைத்தான்.

சிறிது சிறிதாகப் பல நாள் பழகுவதன் பயனை ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பித்த பயிற்சியை வைத்து ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைவான மொத்த நேரத்தில் அதே தேர்ச்சியை அடைந்தனர். அந்த ஆய்வில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது வேறொரு செய்தி. நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களே தங்கள் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர். மற்றவர்கள் விரைவாக முன்னேறுவதாகவும் தாங்கள் பின்தங்குவதாகவும் அவர்களுக்குத் தோன்றியது. கால் மணி நேரம் எழுதி எழுந்திருக்கும் நம்மவர்க்கும் இதே குறை தோன்றும். அது உணர்வேயன்றி உண்மையன்று என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது பெரிய துணை. எழுதிய தாள்களில் தேதியிட்டு ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, இரண்டு மாதத்திற்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது அதைவிடப் பெரிய துணை.

இனி, அந்தக் கால் மணி நேரத்தை எங்கே வைப்பது என்பது. நம் தெருக்களில் நாள்தோறும் கோலம் போடும் பெண்களைப் பாருங்கள். நேரம் கிடைத்தால் போடுவோம் என்று அவர்களில் எவரும் காத்திருப்பதில்லை. வாசல் தெளித்துப் பெருக்கி முடித்ததும் கை தானாகவே மாவுக் கிண்ணத்துக்குப் போகிறது. கிண்ணமும் கதவருகிலேயே இருக்கிறது. ஒரு வேலையின் முடிவோடு மற்றொரு வேலையின் தொடக்கம் கட்டப்பட்டிருப்பதால், தனியே நேரம் ஒதுக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. எழுத்துப் பயிற்சியையும் இவ்வாறு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒரு வேலையோடு கட்டிவிட வேண்டும். அதிகாலையில் பால் காய்ச்சி இறக்கியதும் எழுதலாம். குளித்து விளக்கேற்றியதும் எழுதலாம். அலுவலகத்திற்கு முன்னதாகவே வந்துசேர்ந்துவிடுபவர்கள் அங்கே கணினியைத் திறக்கும் முன் எழுதலாம். ‘காலை 6 மணி’ என்று கடிகாரத்தோடு கட்டுவதைவிட ஒரு வேலையோடு கட்டுவதே நல்லது என்பேன். ஏனெனில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட நாளிலும், விருந்தினர் வந்த நாளிலும் கடிகாரத்து நேரம் தவறிவிடும். பால் காய்ச்சுவது எந்த நாளிலும் நின்றுவிடாது.

இரவில் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இது என் சொந்தக் கருத்தே. இரவின் அமைதியில் மட்டுமே கை நிலைக்கும் என்பவர்களும் உண்டு. ஆனால் களைத்த தோள்பட்டை பேனாவை இறுகப் பிடிக்க வைக்கிறது, இறுகிய பிடியில் வளைவுகள் உடைகின்றன. அதிகாலையின் பத்து நிமிடம் இரவின் அரை மணிக்கு ஈடாகும்.

ஆயத்தங்களை எழுதும் நேரத்திலிருந்து பிரித்துவிடுவது அடுத்த வேலை. வாரம் முழுவதற்கும் வேண்டிய கோடுகளை விடுமுறை நாளில் போட்டு வைத்துக்கொள்ளலாம். இன்னும் எளிய வழி, ஒரே ஒரு தாளில் கறுப்பு மையால் அழுத்தமாகக் கோடு போட்டு, அதை மெல்லிய வெள்ளைத் தாளுக்கு அடியில் வைத்து எழுதுவதாகும். மேல்தாளில் கோடே போட வேண்டியதில்லை. தமிழுக்குக் கோடு போடுவதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலம் எழுதப் பயன்படும் ரோமன் எழுத்துக்கு நிப்பின் அகலத்தைப் போல் நான்கு அல்லது ஐந்து மடங்கு உயரம் வைப்பது வழக்கம், 2.4 மில்லிமீட்டர் நிப்பானால் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர். அந்த உயரம் தமிழ் எழுத்தின் உடற்பகுதிக்கும் பொருந்தும். ஆனால் மேலே ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் கொக்கியும் புள்ளியும், கீழே ‘பு’, ‘சூ’ போன்றவற்றின் இறங்குகோடும் உண்டு என்பதால், வரிக்கும் வரிக்கும் இடையே தாராளமான இடம் விட வேண்டும். பட்டை நிப் முறையைப் பழைய சுவடிகளிலிருந்து மீட்டெடுத்த எட்வர்ட் ஜான்ஸ்டன் 1906-ல் எழுதிய கைந்நூல் இன்றும் உலகெங்கும் பயிலப்படுகிறது. அவர் வகுத்த அளவுகள் ரோமன் எழுத்துக்கானவை. அவற்றை அப்படியே தமிழுக்குப் பூட்டினால் வரிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும்.

பேனா, மை, ஈரத்துணி, சிறு தண்ணீர்க் கிண்ணம், கோட்டுத்தாள், வெள்ளைத் தாள் ஆகியவை ஒரே தட்டில் அல்லது பழைய இனிப்புப் பெட்டியில் எப்போதும் சேர்ந்திருக்கட்டும். பெட்டியைத் திறப்பதும் எழுதத் தொடங்குவதும் ஒரே செயலாக இருக்க வேண்டும். தொட்டெழுதும் எஃகு நிப்பை வைத்திருப்போர் எழுதி முடித்ததும் கழுவி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கடலூர், புதுச்சேரி போன்ற கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் எஃகு விரைவில் துருப்பிடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக் காலத்தில் தாளே ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால், கோடையில் மையை நன்றாக ஏற்ற அதே தாளில் மை பரவும். தாளை நெகிழிப் பையில் போட்டு மூடி வைப்பதே இதற்குப் போதும். கழுவுவதற்கே நேரமில்லை என்பவர்கள், மைக்குழல் பொருத்தி மூடி போட்டு வைக்கும் பைலட் பேரலல் போன்ற தட்டைமுனைப் பேனாவை வாங்கிக்கொள்ளலாம். விலை சற்று மிகுதிதான். அதற்கு வசதியில்லாதவர்கள் ஐஸ்குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி, இங்க்கில் தொட்டும் எழுதலாம். சாய்வையும் இழுப்பையும் பழகுவதற்கு அதுவே போதுமானது.

எதை எழுதுவது என்ற கேள்வியை எழுதும் வேளையில் கேட்கவே கூடாது. ஒரு வாரத்திற்கு ஓர் எழுத்துக் குடும்பம் என்று முன்னரே வகுத்துக்கொள்ள வேண்டும். 247 எழுத்துகள் என்றதும் மலைக்கத் தேவையில்லை. அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் இழுப்புகள் சிலவே. ட, ப, ம, ய ஆகியவற்றை நேர்கோடுகளை முதன்மையாகக் கொண்ட குடும்பமாகக் கொள்ளலாம். ல, வ, ள ஆகியவற்றில் சுழி தோன்றுகிறது. ன, ண ஆகியவற்றில் சுழிகள் இரண்டாகவும் மூன்றாகவும் பெருகுகின்றன. அச்சுழிகளின் உள்வெளி ஒன்றுக்கொன்று சமமாக அமைவதில்தான் ஒருவருடைய கையின் தேர்ச்சி தெரியும். க, ச, த ஆகியவை தலைக்கோட்டின் கீழ் வளைவு தொங்கும் குடும்பம். ஞ, ழ, ஐ, ஔ ஆகியவற்றைத் தனித்தனியாகவே பழக வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட நம் எழுத்தில் வளம் மிகுந்த பகுதி உகர ஊகார வரிசை என்பேன். ‘பு, சு, வு’ ஆகியவற்றில் உகரம் நேராகக் கீழே இறங்குகிறது. ‘து, நு, லு, ணு’ ஆகியவற்றில் எழுத்தின் வலப்பக்கத்திலிருந்து கீழிறங்கி மறுபடி மேலேறுகிறது. ‘கு, டு, மு, ரு’ ஆகியவற்றிலோ ஒவ்வோர் எழுத்தும் தன் உடலையே வளைத்துக்கொள்கிறது. ஆகாரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ளது போல ஒரே குறியை ஒட்டிவிட்டுப் போகும் எளிமை இங்கில்லை. ‘கூ’வின் வளைவையும் ‘ளூ’வின் முடிவையும் எவ்வளவு நீட்டலாம், எங்கே நிறுத்தலாம் என்பது எழுதுபவருடைய கண்ணுக்கும் துணிவுக்கும் விடப்பட்டிருக்கிறது. இந்த ஒரு வரிசையை மட்டும் நாளுக்குக் கால் மணி நேரமாக ஒரு மாதம் எழுதினாலும் அலுக்காது. அலுப்பதற்குள் அடுத்த நாள் வந்துவிடும். நேரம் இல்லாதவர்கள் செய்யுள்களையும் பொன்மொழிகளையும் முழுதாக எழுதி அழகுபடுத்தும் முயற்சியை ஒத்திவைத்துவிட்டு, இவ்வாறு எழுத்தளவில் பழகினால் முன்னேற்றம் நிச்சயம்.

ஷிப்டு முறையில் பணியாற்றுவோர்க்கு நாள்தோறும் ஒரே வேளை என்பது நடவாத காரியம். அவர்கள் வேளையை மாற்றிக்கொண்டாலும், எந்த ஷிப்டாக இருந்தாலும் வேலையிலிருந்து வந்து உறங்கி எழுந்தபின் எழுதுவது என்று வைத்துக்கொள்ளலாம். நாள் தவறுவது எல்லோருக்கும் நேரும். தவறிய நாளுக்கு ஈடாக மறுநாள் இரட்டிப்பாக எழுத முனைவதைத்தான் தவிர்க்க வேண்டும். அவ்வாறு சேரும் நிலுவை, கட்டாத தவணையாக மனத்தில் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் பெட்டியைத் திறப்பதற்கே தயக்கத்தை உண்டாக்கிவிடும். விட்ட நாள் விட்டதுதான். இன்றைய கால் மணி நேரம் இன்றைக்கு மட்டும் உரியது.

நாள்தோறும் பேனா எடுப்பதற்கு ஓய்வான வாழ்க்கை வேண்டும் என்று நினைப்பவர்கள் புதுச்சேரியின் ஆனந்தரங்கப் பிள்ளையை எண்ணிப் பார்க்கலாம். துணி வணிகமும் கப்பல் சரக்கும் ஒரு பக்கம், பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்சின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடையாளருமாக, அரசியல் பொறுப்பு மறுபக்கம் என்று வாழ்ந்த அவர், 1736 முதல் 1761-ல் தாம் மறையும் காலம்வரை நாட்குறிப்பை நடத்திவந்தார். இடையில் போர்கள் நடந்தன, முற்றுகைகள் நடந்தன, உடல்நலமும் குன்றியது. சில பகுதிகளைப் பிறரைக் கொண்டு எழுதுவித்தார் எனினும் குறிப்பு தொடர்ந்தது. அவர் எழுதியது அழகெழுத்தன்று, செய்திப் பதிவு என்பதை நான் அறிவேன். ஆயினும் தம் காலத்தில் இவ்வூரின் மிகப் பரபரப்பான மனிதருள் ஒருவராக இருந்தவர், தொழிலுக்கும் அரசியலுக்கும் நடுவே எழுத்துக்கு ஓர் இடத்தைக் கால் நூற்றாண்டு காத்துவந்தார் என்பது, ரங்கப்பிள்ளை வீதியில் நாள்தோறும் நடந்து செல்லும் நமக்கு நினைவில் இருக்க வேண்டிய செய்தி.

மளிகைச் சீட்டையும் அலுவலகக் குறிப்பையும் அழகாக எழுதினாலே அது பயிற்சிதான், தனி நேரம் வேண்டாம் என்ற யோசனையைச் சிலர் சொல்கிறார்கள். இதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. விரைவாக எழுதி முடிக்க வேண்டிய வேலையில் கை விரைவையே பழகும். ஆனால் அவசரமில்லாத எழுத்து வேலைகள் வீட்டில் சில உண்டு. திருமணப் பத்திரிகை உறைகளில் பெயரும் முகவரியும் எழுதுவது, மொய்ப் புத்தகத்தின் முதல் பக்கம், ஊறுகாய் ஜாடிக்கும் பொடி டப்பாவுக்கும் ஒட்டும் சீட்டு, பிள்ளைகளின் நோட்டுப் புத்தக அட்டையில் பெயர் ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றை வீட்டில் எழுத்துப் பழகுபவரிடம் ஒப்படைத்துவிட்டால், அவர் மேசையில் உட்காரும் நேரம் வீட்டாருடைய கண்ணுக்கும் ஒரு வேலையாகத் தெரியத் தொடங்கும்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண்கள் பயிற்சியை விடுவதற்கான காரணங்களில், அவர்கள் உட்காரும் அந்தச் சிறு நேரத்தைச் சும்மா இருக்கும் நேரமாக வீடு எண்ணுவதும் ஒன்று. தொலைக்காட்சி பார்ப்பவரை யாரும் எழுப்புவதில்லை; எழுதிக்கொண்டிருப்பவரை மட்டும் ஒரு டம்ளர் தண்ணீருக்காக எழுப்புகிறார்கள். நிப்பில் எடுத்த மை காய்ந்துவிடும், இழுப்பு பாதியில் நின்றால் அந்த எழுத்தே கெடும் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சொல்லிப் புரிய வைக்க வேண்டும். என் மாமியார் இதைப் புரிந்துகொண்ட நாளிலிருந்து, நான் எழுதும் வேளையில் வாசலில் யார் அழைத்தாலும் அவரே எழுந்து செல்கிறார். என் பயிற்சி நிலைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆசிரியர் அவர்களே, மேலே கூறியவற்றுள் தாளையும் மேசையையும் வேளையையும் அவரவர் வீட்டிலேயே சரிசெய்துகொள்ளலாம். ஒன்று மட்டும் தனியொருவரால் எளிதில் இயலாதது. அது நல்ல மாதிரி எழுத்து. பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர் ஓலையின் மேல்வரியில் தம் கையால் எழுதிக் கொடுப்பார். மாணவர் அதைப் பார்த்துக் கீழே எழுதி எழுதிக் கையைத் திருத்திக்கொள்வார். அதை மேல்வரிச் சட்டம் என்று அழைத்தனர். அன்றைய மாணவர், இன்று எதை எழுதுவது என்று தேடவில்லை. எழுத வேண்டியது கையில் இருந்தது. ரோமன் எழுத்தைப் பழகுவோருக்கு இத்தகைய மாதிரிகள் எண்ணற்றவை அச்சில் கிடைக்கின்றன. தமிழில் எழுத்தின் இழுப்புகளைப் பிரித்து, எங்கே தொடங்கி எங்கே கையை எடுக்க வேண்டும் என்று காட்டும் மாதிரிகள் அரிது. கணினி எழுத்துருவைப் பார்த்து எழுதினால் வடிவம் தெரியுமேயன்றிக் கையின் வழி தெரியாது.

இத்தனைக்கும் எழுத்தின் வரலாறு நம் காலடியில் கிடக்கிறது. நான் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் அரியாங்குப்பத்தை ஒட்டியதுதான் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும் பிற அகழாய்வுகளிலும் தமிழ்-பிராமி எழுத்து கீறப்பட்ட பானை ஓடுகள் அங்கே கிடைத்துள்ளன. புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்திலும் பிறவிடங்களிலும் காக்கப்படும் சைவ ஓலைச்சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஆனால் இவற்றை ஒரு வேலைநாளில் சென்று பார்த்துப் பழகுவதற்கு எவருக்கு முடியும்? கடலூரிலும் புதுச்சேரியிலும் பிளக்ஸ் பேனர் வருவதற்கு முன் கடைப் பலகைகளைத் தட்டைத் தூரிகையால் எழுதிய ஓவியர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கோடு போடாமலே எழுத்தின் இடைவெளியை அளந்து வைக்கும் கண் அவர்களுடையது. அவர்களுடைய கையை மேல்வரியாகப் பெறும் வாய்ப்பும் குறைந்துகொண்டே வருகிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இது. தங்கள் ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு சிறு பகுதியை மேல்வரிக்கென்று ஒதுக்குங்கள். இரண்டு பத்தி அகலம் போதும். அதில் ஓர் எழுத்துக் குடும்பத்தை, எழுத்தின் உடல் 12 மில்லிமீட்டர் உயரத்தில், இழுப்புகளுக்கு எண்ணிட்டு, அம்புக்குறி காட்டி அச்சிட்டால், வாசகர் அதை வெட்டி எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொள்வார். மெல்லிய தாளை அதன்மேல் வைத்து முதலில் வழித்தடமாக எழுதலாம், பிறகு பார்த்து எழுதலாம். செய்தித்தாளின் தாள் மையை உறிஞ்சிப் பரப்பும் என்பதால் அதன்மேலேயே எழுத வேண்டாம் என்ற குறிப்பையும் சேர்த்துவிடலாம். இம்மாதிரிகளை எழுதித் தரும் வேலையைப் பலகை எழுதும் ஓவியர்களிடம் உரிய ஊதியத்தோடு ஒப்படைத்தால், அவர்களுடைய கையும் பதிவாகும். 1978-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் வழங்கிய ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவங்களையும் ஒரு வாரம் அவர்கள் எழுதிக் காட்டட்டும். அச்சில் அவை மறைந்துவிட்டாலும் கைக்கு அவற்றைப் பழகுவதில் தடையேதும் இல்லை.

இதோடு, நூலகத் துறையினருக்கும் தங்கள் வாயிலாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். கடலூர் மாவட்ட மைய நூலகத்திலும், 1827 முதல் வரலாறு கொண்ட புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்திலும், வேலை முடிந்து வருபவர்கள் மாலையில் உட்கார்ந்து எழுத ஒரு மேசை, நல்ல விளக்கு, கோட்டுத்தாள் சில, கை கழுவக் குழாய் ஆகியவற்றை ஏற்பாடு செய்யலாம். ஆசிரியர் வேண்டாம், கட்டணம் வேண்டாம், நிகழ்ச்சி எதுவும் வேண்டாம். வீட்டில் மேசையில்லாதவர்களும், வீட்டில் இருந்தால் எழுப்பிவிடுவார்கள் என்று அஞ்சுபவர்களும், பேருந்து ஏறும் முன் கால் மணி நேரம் அங்கே எழுதிவிட்டுப் போவார்கள். தங்கள் இதழில் வரும் மேல்வரியை அந்த மேசையில் கண்ணாடிக்கு அடியில் வைத்தால் இரண்டும் ஒன்றாக அமைந்துவிடும்.

தங்கள் இதழ் இதைத் தொடங்கினால், முதல் வாரத்திலேயே ‘அ’விலிருந்து தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘அ’வின் சுழியும் வளைவும் தொடக்கக் கைக்குக் கடினமானவை, அதில் சோர்ந்தவர்கள் ‘ஆ’வுக்கு வரமாட்டார்கள். முதல் வாரம் ட, ப, ம ஆகிய மூன்று எழுத்துகளும், அவற்றை மட்டும் கொண்டு எழுதக்கூடிய ‘படம்’, ‘பட்டம்’, ‘மடம்’, ‘மட்டம்’ ஆகிய சொற்களும் போதும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.